பழைய கிரயப் பத்திரத்தைச் சொல் சொல்லாகப் படிப்பது எப்படி: ஒரு முழுமையான வழிகாட்டி

தகரப் பெட்டியிலிருந்து எடுத்த நூறாண்டுப் பழைய நிலப் பத்திரத்தை முதன்முதலாக விரித்துப் பார்க்கிறவருக்கு, எழுத்து தமிழாக இருந்தும் மொழி பிடிபடாமல் போவது வழக்கம். ‘பிதுரார்ஜிதமாய்ப் பாத்தியப்பட்டு’, ‘தானாதி வினிமய விக்கிரயங்களுக்கு யோக்கியமாய்’, ‘அடியில் கண்ட தபசில் சொத்து’ என்று வடமொழியும் பாரசீகமும் அரபியும் ஒரே வாக்கியத்தில் தோளோடு தோள் உரசி நிற்கும். ஊர்ச்சபைகளின் கல்வெட்டு வழக்கு, விஜயநகர நாயக்கர் ஆட்சி, ஆற்காட்டு நவாபின் வருவாய்க் கணக்கு, தஞ்சை மராட்டியர், கிழக்கிந்தியக் கம்பெனி என்று இந்த மண்ணை அளந்து வரி விதித்த ஒவ்வொருவரும் விட்டுச்சென்ற சொற்கள் அவை. ஆட்சி மாறியபோது புதிய சொல் வந்தது. பழைய சொல்லும் போகவில்லை.

இவற்றைப் படிக்கையில் நேரும் பெரிய தவறு, அறியாத சொல்லால் வருவதைவிட அறிந்ததாக நாம் நினைக்கும் சொல்லால் வருவதே அதிகம். அறியாத சொல்லுக்கு யாரையாவது கேட்போம், அகராதியைப் புரட்டுவோம். ‘மாமூல்’, ‘ராஜினாமா’, ‘நிதி’, ‘தற்குறி’ போன்றவற்றையோ இன்றைய பேச்சுப் பொருளைக் கொடுத்துக் கடந்துவிடுவோம். பத்திரம் எழுதப்பட்ட காலத்தில் அச்சொல் எதைக் குறித்தது என்பதை மட்டும் கேட்டுக்கொண்டு, பத்திரத்தின் வரிசையிலேயே படிப்படியாகச் செல்வதுதான் இங்கே சொல்லப்படும் முறை.

முதற்படி: பத்திரத்தை அப்படியே பெயர்த்தெழுதுதல்

பொருள் தேடத் தொடங்குமுன், முழுப் பத்திரத்தையும் வரிக்கு வரி ஒரு தாளில் பெயர்த்தெழுத வேண்டும். பழைய எழுத்தர்கள் முற்றுப்புள்ளியும் காற்புள்ளியும் இடுவதில்லை; மெய்யெழுத்தின் புள்ளியையும் பல இடங்களில் விட்டுவிடுவார்கள். ஒரு பக்கம் முழுவதும் ஒரே வாக்கியமாக ஓடி, கடைசியில் ‘எழுதிக்கொடுத்தேன்’ என்ற வினைமுற்றில் போய் நிற்கும். அந்த வினைமுற்றை முதலில் கண்டுபிடித்துவிட்டால், எழுதிக்கொடுப்பவர் யார், எழுதி வாங்குபவர் யார், எதை, எவ்வளவுக்கு என்ற கேள்விகளுக்கு விடைகள் பின்னோக்கிக் கிடைக்கும்.

பெயர்த்தெழுதும்போது தடுக்கி விழவைப்பவை குறியீடுகள். ௳ என்பது நாள், ௴ என்பது மாதம், ௵ என்பது வருடம். ௶ பற்றையும் ௷ வரவையும் ௹ ரூபாயையும் ௺ இலக்கத்தையும் குறிக்கும். ௸ என்பது ‘மேற்படி’. ‘ஷை’ என்று எழுதியிருந்தாலும் பொருள் அதுவே. ‘ஷை கிராமம்’ என்று கண்டு, ஷை என்றொரு ஊரைத் தேடி அலைந்தவர்கள் உண்டு. எண்களில் ௰ பத்து, ௱ நூறு, ௲ ஆயிரம் என்பவற்றுக்குத் தனிக்குறிகள் இருப்பதால், ௲௯௱௨௰௪ என்பதை ஆயிரம், ஒன்பது நூறு, இரண்டு பத்து, நான்கு என்று கூட்டி 1924 எனப் படிக்க வேண்டும்.

‘வகையறா’ என்ற சொல்லையும் இங்கேயே பார்த்துவிடலாம். வகை என்ற தமிழ்ச் சொல்லோடு தொடர்புடையதாகத் தோன்றினாலும், அது ‘முதலியன, மற்றும் பிறர்’ என்று பொருள்படும் அரபுத் தொடரின் தமிழ் வடிவம். ஒருவர் பெயரை அடுத்து ‘வகையறா’ என்று இருந்தால், அந்தச் சொத்தில் பெயர் சொல்லப்படாத கூட்டாளிகள் இருக்கிறார்கள் என்று பொருள். பத்திரத்தில் அடிக்கோடு இட வேண்டிய சொற்களுள் அது முதலாவது.

இரண்டாம் படி: தேதியை நிலைநிறுத்துதல்

ஆங்கிலத் தேதி இருந்தால் சிக்கலில்லை. இல்லாவிட்டால் தமிழ் வருடம், பசலி, கொல்லம் ஆண்டு ஆகிய மூன்றில் ஒன்றோ பலவோ இருக்கும். தமிழ் வருடப் பெயர் 60 ஆண்டுக்கு ஒருமுறை திரும்ப வருவதால், தனியாக அது போதாது. ரத்தாட்சி வருடம் என்றால் 1864, 1924, 1984 ஆகிய மூன்றில் எதுவாகவும் இருக்கலாம்.

பசலி என்பது அறுவடைப் பருவத்தைக் குறிக்கும் அரபுச் சொல்லிலிருந்து வந்தது. அக்பர் காலத்தில் வரி வசூலுக்காக ஏற்பட்ட ஆண்டுக்கணக்கு. தமிழ்நாட்டில் இப்போது ஜூலை 1 முதல் ஜூன் 30 வரை ஒரு பசலி. பசலி எண்ணோடு 590-ஐக் கூட்டினால் அது தொடங்கும் ஆங்கில ஆண்டு கிடைக்கும். ஜனவரி முதல் ஜூன் வரையான மாதமானால் 591. கொல்லம் ஆண்டு கி.பி. 825-இல் தொடங்கியது; திருவிதாங்கூரின் ஆட்சிக்குட்பட்டிருந்த இன்றைய கன்னியாகுமரி மாவட்டப் பத்திரங்களிலும் நெல்லைச் சீமையின் பழைய பத்திரங்களிலும் காணப்படும். ஆவணி முதல் டிசம்பர் வரை 824-உம், அதன்பின் 825-உம் கூட்ட வேண்டும்.

‘ரத்தாட்சி ௵ ஆவணி ௴, கொல்லம் 1100’ என்று ஒரு பத்திரம் தொடங்குவதாகக் கொள்வோம். 1100 உடன் 824 கூட்டினால் 1924. ரத்தாட்சிக்கான மூன்று ஆண்டுகளில் 1924 இருக்கிறது. ஆகவே தேதி பொருந்துகிறது. அதே நிலத்தின் தீர்வை (நிலவரி) ரசீதில் பசலி 1334 என்று இருந்தால், 590 கூட்ட அதுவும் 1924 ஜூலையில் தொடங்கும் ஆண்டு. மூன்று கணக்கும் ஒன்றில் வந்து முடிகின்றன. பொருந்தாமல் போனால், பத்திரத்தை ஐயுறுமுன் நம் கூட்டலை ஐயுற வேண்டும்.

மூன்றாம் படி: இது என்ன வகை ஆவணம் என்று தீர்மானித்தல்

பத்திரம், சாசனம், ஆவணம், தஸ்தாவேஜு ஆகிய நான்கும் இன்று ஒரே பொருளில் வழங்கினாலும் நான்கு வழியில் வந்தவை. பத்திரம் வடமொழியில் இலை. ஓலையில் எழுதிய காலத்தின் நினைவு அதில் இருக்கிறது. சாசனம் என்றால் கட்டளை. அரசன் கல்லிலும் செம்பிலும் வெட்டிவைத்த ஆணைக்குரிய பெயரைப் பிற்காலத்தில் இரண்டு குடியானவர்களுக்கிடையே நடந்த விற்பனைக்கும் சூட்டினார்கள். தஸ்தாவேஜு பாரசீகம், ‘தஸ்த்’ என்றால் கை. ஆவணம் தமிழ், பழந்தமிழில் அது கடைத்தெருவுக்கும் பெயராக இருந்தது. சோழர் காலக் கல்வெட்டுகளில் நில விற்பனையைச் சொல்லும் ‘விலையாவணம்’ என்பதுதான் இன்றைய கிரயப் பத்திரம்.

இந்தப் பொதுப்பெயருக்கு முன்னால் நிற்கும் அடைமொழிதான் உரிமையைத் தீர்மானிக்கிறது. கிரயம் என்றால் விலைக்கு வாங்குதல். ‘சுத்தக்கிரயம்’ என்றால் எந்த நிபந்தனையும் திரும்பப் பெறும் உரிமையும் இல்லாத முழு விற்பனை. ‘சுத்த’ என்ற அந்த மூன்றெழுத்து அடையை எழுத்தர் அலங்காரத்துக்காகப் போடவில்லை. கடன்பட்டவர் குறித்த காலத்துக்குள் பணத்தைத் திருப்பிக் கொடுத்தால் நிலத்தை மீட்டுக்கொள்ளலாம் என்ற ஷரத்தோடு கிரயம் எழுதும் வழக்கமும் இருந்ததால், அதிலிருந்து பிரித்துக் காட்டவே அது தேவைப்பட்டது. ஷரத்து என்றால் நிபந்தனை, அரபு. அச்சொல் எங்கே வந்தாலும் நின்று படிக்க வேண்டும்.

கடனுக்காக எழுதியவற்றில் ஈடும் போக்கியமும் அடிக்கடி குழம்பும். ஈடு அல்லது அடமானத்தில் நிலம் கடன் வாங்கியவரிடமே இருக்கும். அவர் வட்டி கட்டுவார். போக்கியத்தில் நிலம் கடன் கொடுத்தவர் கைக்குப் போகும். விளைச்சலை வட்டிக்கு ஈடாக அவர் எடுத்துக்கொள்வார். ‘போக்கியம்’ என்பது ‘அனுபவிக்கத்தக்கது’ என்ற வடசொல். ஒத்தி என்பது இதே ஏற்பாட்டுக்குரிய தமிழ்ச் சொல். ஒற்றி என்பது அதன் பழைய வடிவம். மொத்தத் தொகையைக் கொடுத்து வாடகையின்றிக் குடியிருக்கும் ஏற்பாட்டைத் தென்மாவட்டங்களில் இன்றும் ‘ஒத்திக்கு வீடு’ என்கிறார்கள். ஒருவர் ஐம்பது ஆண்டு நிலத்தை உழுதார் என்பதால் அவர் வாங்கினார் என்று ஆகிவிடாது, போக்கியதாரராகவே உழுதிருக்கலாம். 1882-ஆம் ஆண்டின் சொத்து மாற்றச் சட்டம் இந்த வேறுபாடுகளைத் தனித்தனி வகைகளாக வரையறுத்தது. அதற்கு வெகுமுன்பே நம் சொற்கள் அவற்றைப் பிரித்து வைத்திருந்தன.

விடுதலைப் பத்திரம் என்பது பங்குள்ள ஒருவர் தம் பங்கைப் பிற பங்குதாரருக்கு விட்டுக்கொடுப்பது. உயில் என்பது தமிழ்ச் சொல்லாகவே ஒலித்தாலும் ஆங்கிலச் சொல்லின் தமிழ் உருவம். முக்தியார்நாமா என்றால் இன்றைய பொது அதிகார ஆவணம். ‘நாமா’ பாரசீகத்தில் எழுத்து, மடல். எந்தச் சொல்லின் கடைசியில் அது வந்தாலும் அது ஓர் ஆவணத்தின் பெயர் என்று கொள்ளலாம். ராஜினாமாவும் அப்படித்தான். ‘ராஜி’ என்றால் உடன்பாடு. வழக்காடிய இருவரும் சமாதானமாகிக் கோர்ட்டில் எழுதிக்கொடுத்த உடன்படிக்கைதான் ராஜினாமா. பழைய பத்திரத்தில் ‘தாவாவில் ராஜினாமா செய்துகொண்டபடி’ என்றிருந்தால், யாரும் வேலையை விட்டு விலகவில்லை.

நான்காம் படி: சொத்து அவருக்கு எப்படி வந்தது

எழுதிக்கொடுப்பவர் சொத்து தமக்கு வந்த வழியைச் சொல்லும் பகுதியில் இரண்டு சொற்களில் ஒன்று இருக்கும். பிதுரார்ஜிதம் என்றால் தந்தைவழி முன்னோர் தேடியது. சுயார்ஜிதம் என்றால் தாமே தேடியது. சுயார்ஜிதத்தை ஒருவர் தம் விருப்பப்படி விற்கலாம். பிதுரார்ஜிதமானால் பிறந்த உரிமையால் மற்றவர்களுக்கும் பங்கு உண்டு. அதனால்தான் அத்தகைய பத்திரங்களில் தகப்பனோடு மகன்களும், மைனர் பிள்ளைகளுக்காகக் கார்டியனும் கையெழுத்திட்டிருப்பார்கள். பெண்மக்கள் பெயர் இல்லாததைக் கண்டு, அவர்கள் உரிமையை விட்டுக்கொடுத்தார்கள் என்று எண்ணக் கூடாது. அன்றைய இந்து சட்டத்தில் கூட்டுக்குடும்பச் சொத்தில் அவர்களுக்குப் பிறப்புரிமையே இல்லை. தமிழ்நாட்டில் அது 1989-ஆம் ஆண்டின் சட்டத் திருத்தத்தாலும், நாடு முழுவதும் 2005-ஆம் ஆண்டுத் திருத்தத்தாலும் வந்தது.

வாரிசும் மிராசும் ஒரே அரபு வேரில் கிளைத்தவை. ஒன்று பரம்பரையாகப் பெறுகிறவரையும் மற்றொன்று பெறப்படும் உரிமையையும் குறிக்கும். செங்கல்பட்டு, தஞ்சைப் பகுதிகளில் ஊர் நிலத்தின் மீது பரம்பரைக் குடிகளுக்கிருந்த ‘காணியாட்சி’ என்ற உரிமையைத்தான் நவாப் காலக் கணக்குகள் ‘மிராசு’ என்று பெயர் மாற்றி எழுதின. உரிமை பழையது, பெயர் புதியது. கம்பெனி அதிகாரிகள் அந்த உரிமையின் எல்லை எது என்று தெரியாமல் திண்டாடி, சென்னையின் கலெக்டராக இருந்த எல்லிஸ் போன்றவர்களிடம் நீண்ட விளக்கம் கேட்டுப் பெற்றார்கள்.

தாயாதி, பங்காளி ஆகியவை உறவுப்பெயர்களாகவே நமக்குத் தெரியும். ‘தாயம்’ என்றால் பிரித்துக்கொள்ளப்படும் பரம்பரைச் சொத்து. அதில் உரிமையுள்ளவர் தாயாதி. பங்குக்கு ஆளானவர் பங்காளி. சொத்திலிருந்து பிறந்த சொற்கள் உறவைக் குறிக்க வந்திருக்கின்றன. பங்காளிச் சண்டை பெரும்பாலும் எதைப் பற்றியது என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

நிலம் வழக்கில் இருந்து வந்திருந்தால் இந்தப் பகுதியில் கோர்ட்டுச் சொற்கள் நிறையும். பிராது என்பது ‘முறையிட்டு அலறுதல்’ என்ற பாரசீகச் சொல். தாவா வழக்கு. வக்கீல் அரபில் ஒருவருக்குப் பதிலாக நிற்பவர்; வக்காலத்து அப்படி நிற்க அவருக்குக் கொடுக்கும் அதிகாரம். முன்சீப் நீதி செய்பவர். அமீன் நம்பத்தக்கவர், ஜப்தி செய்ய வந்து கதவைத் தட்டும் அமீனாவைப் பார்த்து அந்தப் பொருள் யாருக்கும் தோன்றியிருக்காது. வாய்தா என்றால் வாக்குறுதி; குறித்த நாளில் வருவேன், கட்டுவேன் என்ற வாக்கு. ஜாமீன் முதலில் பிணை நிற்கும் ஆளைக் குறித்தது. ஜப்தி செய்த சொத்தை ஏலம் விடுவார்கள். ஏலம் போர்ச்சுகீசியர் கொண்டுவந்த சொல். இத்தனை அயற்சொற்களுக்கு நடுவே ‘வழக்கு’ மட்டும் தமிழாக நிற்கிறது, அதுவும் இரட்டைப் பொருளோடு: ஊரில் வழங்கிவரும் நடைமுறையும் வழக்கு, அந்த நடைமுறை மீறப்பட்டதாகத் தொடுப்பதும் வழக்கு.

ஐந்தாம் படி: உரிமைகளைச் சொல்லும் நெடுவாக்கியம்

பத்திரத்தின் நடுவில் பெரும்பாலோர் படிக்காமல் தாவிவிடும் ஒரு பகுதி உண்டு. ‘நிதி நிட்சேப ஜல பாஷாண அட்சீணி ஆகாமி சித்த சாத்தியங்கள் என்னும் அஷ்டபோகங்களுடன், தானாதி வினிமய விக்கிரயங்களுக்கு யோக்கியமாய், புத்திர பௌத்திர பாரம்பரியமாய், சர்வ சுதந்திர பாத்தியமாய் ஆண்டு அனுபவித்துக் கொள்வீராகவும்’ என்று மந்திரம் போல ஓடும். என்னைக் கேட்டால் பத்திரத்திலேயே மிகக் கவனமாக யோசித்து எழுதப்பட்ட பகுதி இதுதான்.

நிலத்தை விற்றால் நிலத்தோடு எவையெல்லாம் போகின்றன என்ற கேள்விக்கு எட்டு வகையாக விடை சொல்கிறது அது. நிதி என்றால் மண்ணுக்குள் இருக்கும் புதையல். நிட்சேபம் வைப்பாக வைத்த பொருள். ஜலம் கிணறும் ஊற்றும். பாஷாணம் கல்லும் கனிமமும். அட்சீணி குறையாமல் நிலைத்து வரும் பயன். ஆகாமி இனி வரப்போகும் பயன். சித்தம் ஏற்கெனவே விளைந்துகொண்டிருப்பது. சாத்தியம் முயன்றால் விளைவிக்கக் கூடியது. இன்று தரிசாகக் கிடப்பதை நாளை வாங்கியவர் தோட்டமாக்கினால், ‘அதை நான் விற்கவில்லை’ என்று விற்றவர் வரமுடியாதபடி அந்த எட்டாவது சொல் கதவை அடைக்கிறது.

அடுத்த தொடரும் அப்படியே. தானம், வினிமயம், விக்கிரயம் என்றால் கொடையாகக் கொடுக்க, பண்டமாற்றாக மாற்ற, விலைக்கு விற்க உரிமை உண்டு. புத்திர பௌத்திர பாரம்பரியம் என்றால் வாங்கியவரோடு அந்த உரிமை முடிவதில்லை. அதனால் இந்தத் தொடர்கள் இருக்கும் பத்திரமும், ‘உமது ஆயுள்வரை அனுபவித்து’ என்று மட்டும் சொல்லும் பத்திரமும் வெவ்வேறு உரிமையைத் தருகின்றன. ஜீவனாம்சத்துக்காக, அதாவது வாழ்வதற்குரிய பங்காக, விதவைகளுக்கு எழுதிவைத்த நிலங்களில் இந்த வேறுபாடு பெரிய வழக்குகளாக வெடித்திருக்கிறது.

கல்வெட்டுக் காலத்திலும் இதே கவலை இருந்தது. சொல் மட்டும் வேறு. ‘விலைக்கற விற்றுப் பொருளறக் கொண்டு’ என்றால் விற்றதும் முழுமை, பணம் பெற்றதும் முழுமை. ‘உண்ணிலம் ஒழிவின்றி’ என்றால் எல்லைக்குள் ஒரு துண்டும் விலக்கில்லை. ‘உடும்போடி ஆமை தவழ்ந்தது எப்பேர்ப்பட்டதும்’ என்ற தொடர், உடும்பு ஓடும் மேட்டையும் ஆமை தவழும் பள்ளத்தையும் சேர்த்து வளைத்துக்கொள்கிறது. அஷ்டபோகப் பட்டியலைவிட இது எனக்குப் பிடித்தமானது; கண்ணால் பார்க்க முடிகிறது.

ஆயினும் பத்திரத்தில் எழுதியதெல்லாம் இன்று செல்லும் என்று கொள்ளக் கூடாது. 1878-ஆம் ஆண்டின் புதையல் சட்டப்படி, 10 ரூபாய்க்கு மேற்பட்ட மதிப்புள்ள புதையல் கிடைத்தால் கலெக்டருக்குத் தெரிவித்தாக வேண்டும். பாட்டனார் பத்திரத்தில் நிதி, நிட்சேபம் என்று இருப்பதைக் காட்டிப் பானையை வீட்டுக்குத் தூக்கிச் செல்ல முடியாது.

ஆறாம் படி: தபசிலைத் தரையில் பொருத்துதல்

தபசில் என்றால் விவரம். சொத்தின் ஜில்லா, தாலுகா, கிராமம், நிலவகை, எண், அளவு, நான்கெல்லை ஆகியவை இங்கே வரும். நன்செய் என்பது நஞ்சையாகவும், புன்செய் என்பது புஞ்சையாகவும் திரிந்தன. நத்தம் ஊரின் குடியிருப்பு மனை. புறம்போக்கு என்பது தீர்வைக் கணக்குக்குப் புறத்தே விடப்பட்ட நிலம். பாதை, ஏரி, சுடுகாடு எல்லாம் அதில் அடங்கும். இனாம் என்றால் கோயிலுக்கோ பணிக்கோ வரியின்றி அல்லது குறைந்த வரியில் விடப்பட்டது. கல்வெட்டுகள் இத்தகையவற்றை இறையிலி, தேவதானம், பள்ளிச்சந்தம் என்று பிரித்துச் சொல்லும். 1963-ஆம் ஆண்டின் இனாம் ஒழிப்புச் சட்டங்களுக்கு முந்திய பத்திரத்தில் இச்சொல்லைக் கண்டால், ஒழிப்புக்குப் பின் யார் பெயருக்குப் பட்டா ஆயிற்று என்பதைத் தனியே தேட வேண்டும்.

எண்ணில் ‘பைமாஷ்’ என்றிருந்தால் அது நவீன சர்வேக்கு முந்திய அளவைக் கணக்கின் எண். அதை இன்றைய புல எண்ணாகக் கொண்டு தேடினால் வேறொருவர் நிலத்தில் போய் நிற்போம். பைமாஷ் எண்ணுக்கு நேரான புல எண்ணைப் பழைய வருவாய்ப் பதிவேட்டில் பார்க்க வேண்டும்.

அளவுகளில் தஞ்சைப் பக்கத்து வேலி 20 மா கொண்டது. ஒரு மா 100 குழி. அங்கே ஒரு குழி 144 சதுர அடி என்பதால், ஒரு மா ஏறக்குறைய 33 சென்ட், ஒரு வேலி ஏறக்குறைய 6.6 ஏக்கர். தொண்டைமண்டலத்துக் காணி 1.32 ஏக்கர். ஆனால் குழியின் அளவு அளந்த கோலின் நீளத்தைப் பொறுத்து ஊருக்கு ஊர் மாறும். ஆகவே ஓர் ஊரின் கணக்கை மற்றோர் ஊருக்குப் பொருத்தாமல், அதே ஊரில் ஏக்கர் கணக்கும் குழிக்கணக்கும் சேர்ந்து வரும் பத்திரம் ஒன்றைப் பிடித்து ஒப்பிடுவது நல்லது. விலை வராகனில் இருந்தால், கம்பெனி காலக் கணக்கில் ஒரு வராகன் மூன்றரை ரூபாய்.

நான்கெல்லையைப் படிப்பதில்தான் படித்தவர்களும் சறுக்குகிறார்கள். ‘மாரியம்மன் கோயில் பாதைக்குக் கிழக்கு, ஏரி வாய்க்காலுக்குத் தெற்கு’ என்று எழுதியிருந்தால், பாதை கிழக்கே இருக்கிறது என்று பொருளில்லை. நம் நிலம் பாதைக்குக் கிழக்கே இருக்கிறது. எனவே பாதை நமக்கு மேற்கில். வாய்க்கால் நமக்கு வடக்கில். ஒரு தாளில் நடுவே கட்டம் போட்டு, ஒவ்வொரு எல்லையையும் எதிர்த்திசையில் எழுதிப் பார்த்தால் வரைபடம் சரியாக அமையும். இப்படிச் செய்யாமல் நேராக எழுதினால் நிலமே தலைகீழாகத் திரும்பிவிடும். எல்லையும் அளவும் முரண்பட்டால், எல்லைகள் தெளிவாக இருக்கும்வரை பொதுவாக எல்லையே நிற்கும் என்பது நீதிமன்றங்கள் பின்பற்றும் நெறி.

எல்லைக்குள் ‘மாமூல் நடைபாதை பாத்தியம்’ என்று ஒரு தொடர் ஒளிந்திருக்கலாம். மாமூல் என்றால் வழக்கமாய் நடந்துவருவது. கையூட்டுக்கு அப்பெயர் வந்ததே அது வழக்கமாகிவிட்டதால்தான். இங்கே அது, நெடுங்காலமாக ஒருவர் உம் நிலத்தின் வழியே நடக்கும் உரிமை; வாங்கியவர் வேலி போட்டு அதை அடைக்க முடியாது.

ஏழாம் படி: கையெழுத்தும் சாட்சியும்

எழுதப்படிக்கத் தெரியாதவர் கையெழுத்துக்குப் பதிலாக இடும் கீறலுக்குத் ‘தற்குறி’ என்று பெயர்: தன் குறி. பக்கத்தில் ‘இன்னார் தற்குறி’ என்று எழுத்தர் எழுதுவார். அந்தக் குறியின் பெயர் பிறகு அதை இட்ட மனிதரின் மேல் ஏறி வசையாகிவிட்டது. பத்திரத்தில் அதை வசையாகப் படிக்கக் கூடாது. சட்டப்படி அது முழுமையான ஒப்பம்.

சாட்சி என்ற வடசொல்லுக்குள் கண் இருக்கிறது: கண்ணால் கண்டவர். திருக்குறள் இதே பொருளில் ‘கரி’ என்ற தமிழ்ச் சொல்லை ஆள்கிறது. ‘இந்திரனே சாலுங் கரி’ என்பது 25-ஆம் குறள்.

சாட்சி, ஆவணம் ஆகியவற்றின் இடம் எது என்பதைச் சேக்கிழாரின் பெரியபுராணத்தில் வரும் ஒரு வழக்கு துல்லியமாகக் காட்டுகிறது. சுந்தரரின் திருமணப் பந்தலில் வந்து, ‘இவன் எனக்கு அடிமை’ என்று ஓர் ஓலையைக் காட்டுகிறார் ஒரு முதியவர். சுந்தரர் அதைப் பறித்துக் கிழித்தெறிகிறார். வழக்கு திருவெண்ணெய்நல்லூர் அவைக்குப் போகிறது. அவையோர் கேட்பது மூன்றில் ஒன்று: ஆட்சி, ஆவணம், அயலார் காட்சி. அதாவது வழிவழி அனுபவம், எழுத்து, பார்த்தவர் சாட்சி. முதியவர், கிழிபட்டது படியோலை, மூலவோலை தம்மிடம் பத்திரமாக இருக்கிறது என்கிறார். மூலவோலையில் இருப்பது சுந்தரரின் பாட்டனார் எழுத்துதானா என்று அவருடைய வேறொரு கைச்சாத்தோடு ஒப்பிட்டுப் பார்த்த பிறகே அவை தீர்ப்புச் சொல்கிறது. ஓலையின் முடிவில் ‘இதற்கு இவை என் எழுத்து’ என்று இருக்கிறது. கல்வெட்டு ஆவணங்களிலும் ஒப்பமிடும் வாசகம் இதுவே. 12-ஆம் நூற்றாண்டுப் புலவர் எழுதிவைத்த அசல், நகல், கையெழுத்து ஒப்பீடு, அனுபோகம், சாட்சியம் ஆகிய ஐந்துக்கும் இன்றைய உரிமையியல் நீதிமன்றத்தில் நேரான இடம் உண்டு. நெடுங்கால அனுபோகத்தால் உரிமை கோருவதற்கு 1963-ஆம் ஆண்டின் காலவரையறைச் சட்டம் தனியார் நிலத்தில் 12 ஆண்டு என்று கணக்கிடுகிறது. அவையோர் சொன்ன ‘ஆட்சி’ அதன் மூதாதை. தக்க இடத்திலிருந்து வரும் 30 ஆண்டுக்கு மேற்பட்ட ஆவணத்தின் கையெழுத்தை, எழுதியவரே வந்து சொல்லாவிட்டாலும், நீதிமன்றம் உண்மையென அனுமானித்துக்கொள்ளலாம். ஆகவே பத்திரம் எந்தப் பெட்டியில், யாரிடம், எப்படி இருந்தது என்பதும் முக்கியம். எடுத்த நாளிலேயே அதைக் குறித்துவைப்பது நல்லது.

எட்டாம் படி: அரசுக் கணக்கோடு ஒப்பிடுதல்

பதிவுச் சட்டத்தின் முதல் வடிவம் 1864-இல் வந்தது; இப்போது நடப்பிலிருப்பது 1908-ஆம் ஆண்டுச் சட்டம். 100 ரூபாயும் அதற்கு மேலும் மதிப்புள்ள நில விற்பனை பதிவு செய்யப்பட வேண்டும் என்ற விதியை மனத்தில் வைத்துக்கொண்டால், சில பழைய பத்திரங்களில் விலை 99 ரூபாய் என்று நிற்பதன் காரணம் தானாக விளங்கும்.

பட்டா யார் பெயரில் தீர்வை கட்டப்படுகிறது என்பதைக் காட்டும். அடங்கல் ஒவ்வொரு பசலியிலும் எந்த நிலத்தில் என்ன பயிர், யார் சாகுபடி என்பதை அடக்கிய கணக்கு. இவற்றை எழுதிய கர்ணமும் மணியக்காரரும் பரம்பரைப் பதவியினர். 1980-இல் அப்பதவிகள் ஒழிக்கப்பட்டு, கிராம நிர்வாக அலுவலர்கள் வந்தார்கள். அதற்கு முந்திய அடங்கலில் காணும் சுருக்கெழுத்துகள் கர்ணத்துக்குக் கர்ணம் மாறுபடும். அதே கையெழுத்துள்ள பத்துப் பக்கங்களைப் புரட்டினால்தான் அவருடைய பழக்கம் பிடிபடும். ஆண்டுதோறும் இக்கணக்குகளைத் தணிக்கை செய்யும் நிகழ்ச்சிக்குப் பெயர் ஜமாபந்தி. தாசில்தார் வட்டாட்சியர் ஆகிவிட்ட பின்பும் அப்பெயர் நிற்கிறது.

இத்தனைக்கும் பிறகு பொருள் தெரியாத சொல் எஞ்சினால், 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாகச் சென்னைப் பல்கலைக்கழகம் வெளியிட்ட தமிழ்ப் பேரகராதியைப் பார்க்கலாம்; சட்டச் சொற்களை அது தனியே சுட்டி, எந்த மொழியிலிருந்து வந்தவை என்றும் சொல்கிறது. வருவாய், நீதித்துறைச் சொற்களுக்கென்றே வில்சன் 1855-இல் தொகுத்த சொற்களஞ்சியமும் உதவும். இரண்டிலும் ஒலிக்கேற்ப எழுத்தை மாற்றித் தேட வேண்டியிருக்கும்: ஜப்தி சப்தியாகவும், ஷரத்து சரத்தாகவும், ஜாமீன் சாமீனாகவும் இருக்கலாம்.

கடைசியாக வில்லங்கச் சான்றை வாங்கிப் பத்திரத்தோடு சேர்த்துப் படிக்க வேண்டும். பதிவான கிரயம், அடமானம், போக்கியம் எல்லாம் அதில் வரிசையாக வரும். பதிவாகாத ஒத்தியும், வாய்மொழிப் பாகமும், 99 ரூபாய்க் கிரயமும் வராது. ஆகவே ‘வில்லங்கம் இல்லை’ என்று சான்று வந்த பிறகும், பெயர்த்தெழுதிய தாளில் ‘வகையறா’, ‘ஷரத்து’, ‘மாமூல்’, ‘ஆயுள்வரை’ என்று அடிக்கோடிட்ட இடங்களை எடுத்துக்கொண்டு, அசல் பத்திரத்தோடு ஒரு வழக்கறிஞர் முன் உட்கார வேண்டும்.